ஒன்றை எடு, இரண்டாகக் கொடு

(காஞ்சிபுரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பேச ஆரம்பிப்பதற்கு முன் இந்த அட்டைக் கட்டை முன்வரிசையில் கொடுத்துவிடுகிறேன். தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தறிக்கு டிசைன் சொல்கிற ஜக்கார்டு அட்டை. எங்கள் அப்பா கையால் குத்தியது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோத்த கயிறு இரண்டு இடத்தில் நைந்து அவிழ்ந்திருக்கிறது, அதனால் வரிசை மாறாமல் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள். ஓரத்தில் பென்சிலால் நம்பர் போட்டிருக்கிறார். ஒரு கட்டுதான் இருக்கிறது. நான் பேசி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் சங்கங்களில் மென்பொருளை எப்படி வெளியிட்டார்கள் என்று பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதற்கு அட்டைக் கட்டு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1975 மார்ச் 5. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவருடைய கார் ஷெட்டில் முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். வெளியே மழை. உள்ளே ஒரே ஒரு இயந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு: ஆல்டேர் 8800. அந்த ஜனவரி மாதம் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் அட்டையில் படம் வந்திருந்தது. விலை நானூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பணத்துக்குப் பெட்டி நிறைய உதிரிப் பாகம் வரும், நீங்களே உட்கார்ந்து பற்ற வைத்துக்கொள்ள வேண்டும். பற்ற வைத்து முடித்தால் கம்ப்யூட்டர் தயார். ஆனால் அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சு, அதற்கு மேல் வரிசையாகச் சிவப்பு விளக்கு. சுவிட்சை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு கட்டளையாக உள்ளே அனுப்ப வேண்டும். பதில் விளக்கில் வரும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் கூடினார்கள். அந்தச் சங்கத்துக்கு ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன்னுடைய ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. தரையில் உட்கார்ந்து சுவிட்சுகளைத் தள்ளி நிரலை உள்ளே ஏற்றினார். பாதியில் யாரோ மின்கம்பியில் கால் தடுக்கி விழ, எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து தள்ளினார். முடித்ததும் ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று கேட்டது. அந்த இயந்திரம் ஓடும்போது எழுப்பும் மின் இரைச்சலைப் பக்கத்தில் இருக்கிற ரேடியோ பிடித்துக்கொள்ளும். எந்தக் கட்டளை எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அதற்கேற்ப சுருதி மாறும். டாம்பியர் அதைக் கண்டுபிடித்துப் பாட்டாகக் கோத்துவிட்டார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, சிறப்பு விருந்தினர் தாமதமாக வரவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான வெளியீட்டு விழா.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்த கதை.

ஆல்டேரில் ஓடும்படி பேசிக் என்ற நிரல் மொழியை எழுதியவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன். எண் கணக்கு போடுகிற ஒரு பகுதியை மான்டி டேவிடாஃப் எழுதினார். ஆல்டேர் இயந்திரத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பெரிய கம்ப்யூட்டரை ஆல்டேர் மாதிரி நடிக்க வைத்து, அதில் எழுதினார்கள். பால் ஆலன் அதை ஒரு காகித நாடாவில் எடுத்துக்கொண்டு ஆல்டேர் கம்பெனி இருந்த அல்புகர்க்கி நகரத்துக்கு விமானத்தில் போனார். நம் ஊரில் நாடா என்றால் தறியில் இப்படியும் அப்படியும் ஓடுவது, இது வேறு நாடா. ரிப்பன். அதில் குறுக்கே எட்டு ஓட்டைக்கு இடம் உண்டு. ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். டெலிடைப் எந்திரத்தில் கொடுத்தால் வினாடிக்குப் பத்து வரிசை படிக்கும். நாலாயிரத்துச் சொச்சம் வரிசை உள்ளே போக ஏழு நிமிஷம் ஆகும். கட்கட்கட்கட் என்று தறி ஓடுகிற மாதிரியேதான் சத்தமும்.

1975 ஜூன் மாதம் அந்த ஆல்டேர் கம்பெனி ஒரு வேனில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டது. பாலோ ஆல்டோவில் ரிக்கீஸ் ஹயாத் ஹவுஸ் என்ற ஓட்டலில் காட்சி வைத்தார்கள். ஹோம்புரூ ஆட்கள் திரண்டு போனார்கள். ஆல்டேரில் பேசிக் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சு தள்ள வேண்டாம், டெலிடைப்பில் தட்டினால் பதில் சொல்கிறது! அவர்களில் பலர் ஏற்கெனவே அந்த பேசிக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருமா வருமா என்று காத்துக்கொண்டிருந்தவர்கள். தனியாக வாங்கினால் விலை அதிகம். கம்பெனியின் நினைவகப் பலகைகளையும் சேர்த்து வாங்கினால் குறைவு. அந்தப் பலகைகளோ ஒழுங்காக வேலை செய்யாது. இந்த வயிற்றெரிச்சலோடுதான் அவர்கள் அந்தக் கூடத்தில் நின்றார்கள்.

அங்கே கிடந்த ஒரு நாடாச் சுருள் காணாமல் போனது.

அது டான் சோக்கல் என்பவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் வேகமாக நாடா குத்துகிற எந்திரம் இருந்தது. இரவோடு இரவாகப் பல பிரதிகள் எடுத்தார். அடுத்த ஹோம்புரூ கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒன்றை எடுத்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டாகக் கொண்டுவர வேண்டும்.

எழுதியவர்களுக்கே தெரியாமல், அவர்கள் இல்லாத கூட்டத்தில் நடந்த வெளியீடு அது.

எட்டு மாதம் கழித்து, 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது வயது இருபது. கடிதம் பத்திரிகைகளில் மட்டுமல்லாமல் ஹோம்புரூ செய்தி மடலிலும் வந்தது, அதாவது திட்டு வாங்கியவர்களே அச்சடித்து வைத்துக்கொண்டார்கள். ஆல்டேர் வாங்கியவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்குக்குப் பணம் கொடுக்கவில்லை, நாங்கள் பயன்படுத்திய கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பே நாற்பதாயிரம் டாலரைத் தாண்டும், கைக்கு வந்த பணத்தைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது கடிதத்தின் சாரம். இயந்திரத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள், மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று நேராகவே கேட்டார்.

அந்தக் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நானும் உங்களைப் போலக் கட்டற்ற மென்பொருள் கட்சிக்காரன்தான். இரண்டாவது தடவை படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பா நெசவாளி இல்லை, அட்டை குத்துகிறவர். வரைபடக்காரர் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் புட்டாவையோ முந்தானையையோ வரைந்து கொடுப்பார். அப்பா அதைப் படித்து அட்டையில் ஓட்டை போடுவார். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. தறிக்கு மேல் இருக்கிற ஜக்கார்டுப் பெட்டியில் ஊசிகள் வரிசையாக நிற்கும். மிதியை மிதித்தால் அட்டை வந்து ஊசி மேல் மோதும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதோடு இணைந்த ஊக்கு தன் பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். இவ்வளவுதான் விஷயம். அன்னம், யாளி, மயில், கோபுரம், ருத்திராட்சம் எல்லாம் இந்த உண்டு-இல்லை கணக்கிலிருந்துதான் வருகின்றன. அதற்கு முன்னால், தாத்தா காலத்தில், அடை. வேண்டிய பாவு இழைகளை நூலால் கட்டி வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் நின்று இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியது இந்த அட்டைதான்.

ஜக்கார்டு என்பது பிரான்சில் லியோன் நகரத்து ஆளின் பெயர், 1804 வாக்கில் வந்த பொறி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே லியோனில் அவருக்கும் முன்னால் பசில் பூஷோன் என்று ஒருவர் இருந்தார். 1725-இல், பட்டுத்தறியில் எந்த இழையைத் தூக்குவது என்று சொல்வதற்கு ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்திப் பார்த்தார். 1725-க்கும் 1975-க்கும் சரியாக இருநூற்றைம்பது வருஷம். பட்டுக்காக ஆரம்பித்த ஓட்டைக் காகிதம் பாலோ ஆல்டோ ஓட்டலில் தொலைந்து போனது! இடையில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை, தன் கணக்குப் பொறிக்கும் இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொள்ள நினைத்தார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று அவர் வீட்டில் மாட்டியிருந்தது. அதை நெய்ய இருபத்துநாலாயிரம் அட்டை ஆனதாம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “குத்தினவனுக்கு அட்டைக் கணக்குல கூலி குடுத்தாங்களா, மொத்தமா பேசிக்கிட்டாங்களா?”

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண சீசனில் ஒரு டிசைன் காந்தி ரோட்டுக் கடைகளில் நன்றாகப் போனால், அந்த அட்டைக் கட்டுக்குக் கால் முளைத்துவிடும். ஓர் இரவு மட்டும் இரவலாக எங்கேயோ போய்விட்டு விடியற்காலையில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு வாரத்தில் அதே புட்டா இன்னும் நாலு தறியில் ஏறும். எங்கள் தெருவில் யாரும் இதைத் திருட்டு என்று சத்தமாகச் சொன்னதில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த வருஷம் இழந்தவர் போன வருஷம் எடுத்தவராக இருப்பார். ஆனால் வலி இருந்தது. வரைந்தவருக்கும் குத்தியவருக்கும் ஒரு தடவைதான் கூலி, அந்த அன்னம் எத்தனை ஆயிரம் புடவையில் நீந்தினாலும்.

அப்பா ஒரு தரம் கடைவீதியில் ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “அடிச்சான், சரி. ஒரு ஓட்டைய விட்டுட்டான்டி. அன்னத்துக்குக் கண்ணே இல்ல.” அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. பிரதி எடுத்ததுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. கண்ணில்லாத அன்னம் தன் பெயரில் ஊருக்குள் நடமாடுகிறதே என்பதுதான். பிழையுள்ள பிரதி பரவுகிற கஷ்டம் நிரல் எழுதுகிற உங்களுக்குப் புரியும். 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். அது ஊர்ப் பெயருக்குக் காப்பு. அன்னத்தின் கண்ணுக்கு அதில் இடமில்லை.

ஆகவே கேட்ஸ் கடிதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. மணிக்கு இரண்டு டாலர் என்று அவர் போட்ட கணக்கை அப்பா உட்கார்ந்து கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். அதேசமயம் நாடாவைப் பெருக்கியவர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பெருக்கிய பேசிக்தான் ஊரெல்லாம் பரவி எல்லோருக்கும் பழகிய மொழியானது. பின்னால் வந்த கம்பெனிகள் எங்களுக்கும் ஒரு பேசிக் வேண்டும் என்று கேட்ஸிடம் போய் நின்றபோது அந்தப் பழக்கம் அவருக்குத்தான் லாபமாக முடிந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு லாபமும் வரவில்லை.

இந்த விலைச் சண்டைக்குப் பதில் சொன்ன விதத்தில்தான் எனக்கு அந்தச் சங்கத்து ஆட்கள் மேல் மரியாதை. வாயால் சண்டை போட்டவர்கள் நிறைய. சிலர் கடிதம் வருவதற்கு முன்பே உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தார்கள். டைனி பேசிக் என்று சின்னதாக ஒரு மொழி, அதன் வரைவு எல்லோருக்கும் பொது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் தன் இயந்திரத்துக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். அதற்கென்றே 1976 ஜனவரியில் ‘டாக்டர் டாப்ஸ்’ என்ற பத்திரிகை ஆரம்பமானது. நிரலைப் பத்திரிகையில் அச்சடித்துவிடுவார்கள், பார்த்துத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான். லீ-சென் வாங் என்பவர் தன் நிரலின் தலைப்பில் பதிப்புரிமை வாசகத்தையே கேலி செய்து, எல்லாத் தவறுகளும் எமக்கே உரியவை என்கிற மாதிரி எழுதிவைத்தார். ஹோம்புரூ உறுப்பினர் டாம் பிட்மன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் எழுதிய டைனி பேசிக்கை ஐந்தே டாலருக்கு விற்றார். விலை இப்படி இருந்தால் யாருக்கும் திருடத் தோன்றாது என்று பந்தயம் கட்டிப் பார்த்தார். வாங்கினார்கள். வாஸ்னியாக் தன் கம்ப்யூட்டரின் மின்சுற்று வரைபடத்தையே பிரதி எடுத்துக் கூட்டத்தில் விநியோகம் செய்துகொண்டிருந்தார். அதுதான் பிறகு ஆப்பிள் ஆனது.

இப்போது என் கதை. அப்பாவுக்காக இவ்வளவு பேசியவன் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தெரிந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் விலைக்குத்தான். எங்கள் கடையில் இருந்தவை எல்லாம் பிளாப்பியில் நடந்து வந்தவை. யார் செய்ததென்று சொல்ல மாட்டேன், செய்தவர்களுக்கு நான் பைசா கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஒன்றில் தட்டிய ‘திருவளர்செல்வி’ இன்னொன்றில் திறந்தால் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியுமாக வரும். ஒருதரம் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் வெறும் கட்டங்களோடு ஐந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது. கண்ணில்லாத அன்னம் எனக்கும் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் இருந்த தமிழர்கள் சிலர் எழுத்துருவையும் மென்பொருளையும் செய்து சும்மா கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. முகம் தெரியாத ஆட்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். முதலில் மயிலையில் இருந்தது, பிறகு டிஸ்கி குறியேற்றத்துக்கு மாறியது, பிறகு யூனிகோடுக்கு. ஒவ்வொரு தடவையும் யாரோ சம்பளமில்லாமல் உட்கார்ந்து மாற்றினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் விளைவாகத்தான் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் வந்தன. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்களை யூனிகோடு விழுங்கிவிட்டது.

பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகடு ஒன்றுதான் என்னை வேறு பக்கம் திருப்பியது. ‘பிசி குவெஸ்ட்’ இதழ் கொடுத்தது. அதை நிறுவத் தெரியாமல் சென்னை லினக்ஸ் பயனர் குழுவைத் தேடிப் போனேன். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவார்கள். காஞ்சிபுரத்தில் ரயிலேறி, செங்கல்பட்டு சுற்றி, கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, உள்ளே கஜேந்திரா சர்க்கிள் வரை நடந்து, விண்வெளிப் பொறியியல் துறைக் கட்டடத்துக்குள் நுழைவதற்குள் பாதிக் கூட்டம் முடிந்திருக்கும். மான்கள் நின்று வேடிக்கை பார்க்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஓர் இளைஞர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து கே.டி.இ. என்ற லினக்ஸ் திரையைத் தமிழில் காட்டினார். மேலே பட்டியலில் ‘கோப்பு’, ‘தொகு’, ‘பார்வை’. யாரும் கைதட்டவில்லை. உடனே சண்டைதான். ‘கேன்சல்’ என்பதற்கு ‘ரத்து’ போடுவதா, ‘கைவிடு’ போடுவதா என்று அரை மணி நேரம். எனக்கு அந்தச் சண்டை காதில் ஏறவில்லை. ‘கோப்பு’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து இழைக்கு இழை கோத்துக்கொண்டு போவதை எங்கள் ஊரில் கோர்வை என்பார்கள். அதே கோத்தல்தான் இந்தத் திரையிலும் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞர் குறுந்தகடு ஒன்றை என்னிடம் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். பணம் வேண்டாம், ஊருக்குப் போய் நாலு பேருக்கு நகலெடுத்துக் கொடுங்கள், பிழை இருந்தால் எழுதுங்கள் என்றார். டான் சோக்கலின் நிபந்தனைதான் இதுவும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. இதில் எழுதியவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ரயிலில் திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் யாராவது முன்கூட்டியே வந்து, “அண்ணே, ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா, உங்கள் பெயர் போட்டுக் கொடுக்கலாமா?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கூலியை யார் தருவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றிருக்கும். இன்றைக்கும் நிற்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிற கணியம் இதழும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் நடத்துகிற நண்பர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கிறார்கள். அது எனக்குப் பெருமையும்தான், உறுத்தலும்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அப்பாவின் தொழிலை முடித்து வைத்தது கம்ப்யூட்டர். டிசைனைத் திரையில் வரைந்தால் எந்திரமே அட்டை குத்திவிடுகிறது. சில இடத்தில் அட்டையே இல்லாத மின் ஜக்கார்டு. கடைசிக் காலத்தில் அப்பாவை ஒரு கடைக்கு அழைத்துப் போய் அதைக் காட்டினேன். திரையில் அன்னத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். கட்டம் கட்டமாகத் தெரிகிற வரைக்கும் பெரிதாக்கி, கண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “இருக்கு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அட்டைக் கட்டு எங்கே போய்ச் சேர்ந்தது? மூன்றாவது வரிசையா? சரி. ஒரு தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததை நான் பேசும்போதே பார்த்தேன். மறைக்க வேண்டாம்பா, எடுத்துக்கொள். பதினேழாம் நம்பர் அட்டையை மட்டும் இன்னொரு தடவை எடு. உன் கை ஆடிவிட்டது. அதில்தான் கண் இருக்கிறது.